மருத்துவமனைக்கும் மாடிப்படிக்கும் நடுவே

தமிழ்நாட்டில் உயிருக்கு ஆபத்து என்றால் 108. 2008 முதல் அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கு 102. அங்கேயே இறந்துபோனால் உடலை ஊர் சேர்க்க 155377, இலவச அமரர் ஊர்தி. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, டிஸ்சார்ஜ் சீட்டும் கையுமாக சென்னை ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடி வீட்டுக்குத் திரும்ப வேண்டிய 78 வயதுப் பெண்மணிக்கென்று எந்த எண்ணும் இல்லை. ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. தனியார் ஆம்புலன்ஸ்காரர் வாசல்வரை வருவார். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது தனிப் பேச்சு, தனி ரேட்டு.

பிறப்புக்கும் இறப்புக்கும் வண்டி விடத் தெரிந்த அரசுக்கு இது தோன்றாமல் போனதை வெறும் மறதி என்று நான் நினைக்கவில்லை. மருத்துவமனை வாசல்வரை அரசின் பொறுப்பு, அதற்கு அப்பால் குடும்பத்தின் பாடு என்று நாம் எல்லோருமே ஒப்புக்கொண்டிருக்கிறோம். முதியோர் பராமரிப்பின் சிக்கல்கள் பெரும்பாலும் அந்த வாசலுக்கும் வீட்டு மாடிப்படிக்கும் நடுவில்தான் கிடக்கின்றன. அதைப் பார்க்க ஆதம்பாக்கம் தோதான இடம்.

ஒருபக்கம் கிண்டி, ஒருபக்கம் வேளச்சேரி, இன்னொரு பக்கம் நங்கநல்லூர், பரங்கிமலை. ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்றவர்கள் நடந்து போய் வரும் தூரத்தில் குடியேறினார்கள். அரசு ஊழியர்கள் கடன் வாங்கி அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று மனை வாங்கினார்கள். என்.ஜி.ஓ. காலனி என்ற பேருந்து நிறுத்தப் பெயரே அந்தக் காலத்தின் எச்சம்: கெஜட்டில் பெயர் வராத ஊழியர்களின் குடியிருப்பு. குமாஸ்தாக்கள், ஆசிரியைகள், தபால்காரர்கள், டெலிபோன் ஆபரேட்டர்கள். அவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். ஐ.டி. வேலை முதலில் அவர்களைப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அழைத்துப் போனது, பிறகு பெங்களூருக்கு, பிறகு கடல் தாண்டி. தனி வீடுகளை பிரமோட்டரிடம் ஜாயிண்ட் வெஞ்சருக்குக் கொடுத்து, கீழே கார் நிறுத்தமும் மேலே மூன்று தளமும் எழுப்பியபோது வீட்டுக்காரருக்கு வயது 50. அன்றைக்கு லிஃப்ட் வீண் செலவாகப்பட்டது. இன்று அதே மனிதருக்கு 80. படி மட்டும் அதே உயரம்.

இந்தத் தலைமுறைக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் எழுதி, 'நாமிருவர் நமக்கிருவர்' என்று அரசு சொன்னதை நாட்டிலேயே முன்வரிசையில் நின்று கேட்டவர்கள் இவர்கள். விளைவு கண்ணெதிரே இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணித்தபடி 2031-இல் தமிழ்நாட்டில் இது 18.2 சதவீதமாக இருக்கும், கேரளத்துக்கு அடுத்தபடியாக. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணின் சராசரி மகப்பேறு 1.8. இரண்டு பிள்ளைகளில் ஒருவர் வெளியூர், மற்றவர் மாமியார் மாமனாரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் என்றால், முறை போட்டுக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

ஆனாலும் நம் ஊரில் இந்தப் பேச்சு எடுத்தாலே பட்டிமன்றத் தொனி வந்துவிடுகிறது. முதியோர் இல்ல வாசலில் அப்பாவை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும் மகன், கொடுமைக்கார மருமகள், கண்ணீர். கைவிடும் பிள்ளைகள் இல்லாமலில்லை. ஆனால் ஆதம்பாக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது கைவிட்டவர்களை அல்ல, கை போதாதவர்களைத்தான். 55 வயது மகள் 82 வயது அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கிறாள். அவளுக்கே முழங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பராமரிக்கிறார்கள், நாளுக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். ஆனால் குழந்தை ஒரு வருடத்தில் நடக்கும். பக்கவாதம் வந்தவரின் பராமரிப்பு எப்போது முடியும் என்று யாருக்கும் தேதி தெரியாது. தெரிந்துகொள்ள விரும்புவதும் பாவமாகத் தோன்றும்.

இனி மருத்துவமனை. இந்த விஷயத்தில் சென்னையைக் குறை சொல்வது நியாயமல்ல. முதியோர் மருத்துவம் என்ற துறை இந்தியாவில் தொடங்கியதே இங்கேதான். டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவை ஆரம்பித்தார். பத்து ஆண்டு கழித்து, 1988-இல், படுக்கை வசதியுள்ள வார்டு வந்தது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென்றே எம்.டி. படிப்பு. 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பொது மருத்துவர் தனித்தனியே பார்க்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை, மறதி, தள்ளாட்டம் எல்லாம் ஒரே உடம்பில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்போது அதை ஒருவரே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் துறையின் சாரம். ஆறு டாக்டர் எழுதிய பதினாறு மாத்திரையில் எதை நிறுத்தலாம் என்று சொல்வதற்கும் ஒரு டாக்டர் வேண்டியிருக்கிறது.

மத்திய அரசின் தேசிய முதியோர் நலத் திட்டம் 2010-11-இல் தொடங்கியது. பின்னர் அதன்கீழ் நாட்டில் இரண்டு தேசிய மையங்கள் என்று முடிவாயிற்று: ஒன்று டெல்லி எய்ம்ஸில், மற்றது சென்னை மருத்துவக் கல்லூரியின் கீழ். சென்னை மையம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் கட்டப்பட்டது. 200 படுக்கைகள். திட்டம் பேசப்பட்ட நாளிலிருந்து பல ஆண்டு இழுத்து, 2024 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூனில், அதே வளாகத்தில் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை 1000 படுக்கைகளோடு திறந்தாயிற்று. ஆதம்பாக்கத்து முதியவருக்கு இது பெரும்பாலான ஊர்களில் கிடைக்காத பாக்கியம்: முதியோருக்கென்றே கட்டிய தேசிய மருத்துவமனை ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது.

அந்தப்பக்கம் போவதுதான் கேள்வி. மாநகரப் பேருந்தில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் 2016 பிப்ரவரி முதல் உண்டு. நல்ல திட்டம், பேருந்துப் படியில் ஏற முடிகிறவர்களுக்கு. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வரவேண்டிய பறக்கும் ரயில் பாதை 2008-இல் தொடங்கி, ஆதம்பாக்கத்தில் கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் வருஷக்கணக்கில் நின்றது. தூண்களின் நிழலில் கட்சிக் கொடிக்கம்பங்களும் பழைய கார்களும் குடியிருந்தன. ரயில் வரும் என்று நம்பி அந்தத் தெருவில் வீடு வாங்கியவர்களுக்கு ஏறி இறங்கும் வயதே தாண்டிவிட்டது.

மருத்துவமனையை வீட்டுக்கு அனுப்பும் யோசனை இதைவிடப் புத்திசாலித்தனமானது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதைத்தான் செய்கிறது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் சேர்த்தே திட்டம். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. தமிழ்நாட்டின் பொது சுகாதார வரலாற்றில் இது பெரிய காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதன் பலம் மாத்திரையில் இருக்கிறது. எண்ணுவது சுலபம்: இத்தனை பேருக்குச் சர்க்கரை மாத்திரை, இத்தனை பேருக்குப் பிரஷர் மாத்திரை. குளிக்க வைப்பது, மலச்சிக்கலுக்கு எனிமா கொடுப்பது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, இவற்றையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் எண்ணிக்கை போட முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அது முழுக்க நம்முடையது. அடுக்ககங்களில் தன்னார்வலர் மணி அடித்தால், உள்ளே கிரில் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்: "வேண்டாம்மா, நாங்க பிரைவேட்ல பாத்துக்கறோம்." அரசு மாத்திரை என்றால் ஏழைக்கு என்ற எண்ணம். அப்படிச் சொல்லும் மாமிக்குத் தன் கணவரை யார் மாடியிலிருந்து இறக்குவார்கள் என்று தெரியாது. பிரைவேட் அதைப் பார்த்துக்கொள்வதில்லை.

என்.ஜி.ஓ. காலனி பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் அப்படி இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரெச்சர் படித் திருப்பத்தில் வளையவில்லை. கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெரியவரை அதில் உட்கார வைத்து, மார்புக்குக் குறுக்கே பழைய காட்டன் புடவையால் கட்டினார்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர். பின்னால் இருப்பவர்கள் குனிந்தபடியும் முன்னால் இருப்பவர்கள் நாற்காலிக் காலைத் தோள் உயரத்தில் பிடித்தபடியும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் முன்னுக்குச் சரிந்துவிடுவார். தூக்கிய நால்வர்: தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், தண்ணீர் கேன் போடும் பையன், எதிர்வீட்டு வாட்ச்மேன், ஆம்புலன்ஸ் டிரைவர். "தாத்தா, கையை உள்ள வெச்சுக்கோங்க, செவுத்துல இடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் இஸ்திரிக்காரர். அவருக்குப் பழக்கம் இருந்தது தெரிந்தது. அந்தத் தெருவில் வயதானவர் விழுந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும் என்று பிறகு சொன்னார்கள். சமூகப் பராமரிப்பு என்று அறிக்கைகளில் எழுதுகிறோமே, ஆதம்பாக்கத்தில் அது பெட்டிக்கரியும் தண்ணீர் கேனுமாக நிற்கிறது. அவர்களுக்கு எப்படித் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பணம் இருந்தால் ஆள் வைக்கலாம். அட்டெண்டர், ஹோம் நர்ஸ், ஆயா என்று ஏஜென்சிக்கு ஏஜென்சி பெயர் மாறும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள், பெரும்பாலும் கணவனை இழந்தவர்கள் அல்லது பிரிந்தவர்கள், 12 மணி நேர ஷிஃப்டிலோ தங்கியோ வேலை பார்க்கிறார்கள். ஒருவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எட்டாவதுக்கா. நர்ஸெல்லாம் கெடையாது. ஆனா இன்சுலின் போடுவேன், மூக்கு டியூப்ல கஞ்சி ஊத்துவேன், யூரின் பை மாத்துவேன். மொத வீட்ல அந்த அம்மாவே சொல்லிக் குடுத்தாங்க." அந்த அம்மா என்றால் நோயாளி. மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்துவது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதை எட்டாவது படித்த பெண் ஒரு நோயாளியிடமே கற்றுக்கொண்டு அடுத்த நோயாளிக்குச் செய்கிறாள். தப்பு அவளுடையது அல்ல. அவள் ராத்திரி படுப்பது கட்டிலுக்குக் கீழே விரித்த பாயில். விடுமுறை என்பது ஏஜென்சி மாற்று ஆள் அனுப்பினால்தான். குடும்பம் கொடுக்கும் தொகையில் ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவளுக்குத் தருகிறது.

இந்தச் சந்தையை ஒழுங்குபடுத்த ஒரு வாய்ப்பு வந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்துக்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகள் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. 17-ஆவது மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. நாட்டின் முதியோருக்கு மிக நெருக்கமாக இருக்கும் தொழிலாளர்கள் யார் கணக்கிலும் இல்லாமல் தொடர்கிறார்கள்.

ஆள் வைக்கப் பணம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் ஒரே தெருவுக்குள் இரண்டு ஊர் தெரியும். அரசு ஓய்வூதியருக்கு அகவிலைப்படி ஏறும். 80 வயது நிறைந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். அந்தக் கூடுதலை யோசித்தவர் யாரோ, வயதாக ஆகச் செலவு கூடும் என்ற எளிய உண்மையைப் புரிந்தவர். பக்கத்து வீட்டில், தொழிற்பேட்டையில் முப்பது வருடம் உழைத்தவருக்கு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் ஓய்வூதியம். 1995-ஆம் ஆண்டுத் திட்டம் அது. 2014-இல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அகவிலைப்படி கிடையாது. ஆதரவற்ற முதியோருக்கு மாநில அரசு 2023 முதல் தரும் 1,200 ரூபாயைவிட இது குறைவு. அந்த 1,200-இலும் மத்திய அரசின் பங்கு 80 வயதுவரை வெறும் 200 ரூபாய். இரண்டில் எதை வாங்கினாலும், 12 மணி நேர அட்டெண்டருக்கு இரண்டு நாள் கூலியில் கரைந்துவிடும்.

காப்பீடு? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகன் மாதம் பதினைந்தாயிரம் சம்பாதித்தால் அப்பா வெளியே. 2024 அக்டோபர் இறுதியில் மத்திய அரசு 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் வரையிலான காப்பீட்டைத் தொடங்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இவையெல்லாம் மருத்துவமனைப் படுக்கைக்குத் தரும் பணம். இடுப்பெலும்புக்குத் தகடு வைக்கக் கிடைக்கும். அதற்குப் பிறகு ஆறு வாரம் வீட்டில் நடை பழக்குபவருக்குக் கிடைக்காது. நடை பழகாவிட்டால் தகடு வைத்ததன் பயன் பாதி போய்விடும் என்று எந்த எலும்பு மருத்துவரும் சொல்வார்.

மறதி நோய் வந்த வீடுகளின் நிலைமை வேறு. அங்கே அறுவையும் இல்லை, டிஸ்சார்ஜும் இல்லை. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவோடு இந்த நோயையும் கையிலெடுத்துப் பணியாற்றுகிறது. ஆதம்பாக்கத்தின் பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை என்பது கிரில் கதவுக்கு இரண்டாவது பூட்டு. "ஆபீஸ் போகணும், 51-ஐப் பிடிக்கணும்" என்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டை மாட்டும் கணவரை, "இன்னிக்கு லீவுங்க" என்று தினமும் சமாளிக்கும் மனைவிக்கு வயது 76. அவள் வெளியே போய் வர பகலில் நாலு மணி நேரம் யாராவது அவரைப் பார்த்துக்கொண்டால் போதும். பகல் நேரப் பராமரிப்பு மையம் என்பது அவ்வளவுதான். 2025 நவம்பரில் மாநில அரசு 'அன்புச் சோலை' என்ற பெயரில் 25 மையங்களைத் தொடங்கியது. எண்ணிக்கை போதாது, ஆனால் மருத்துவமனையும் இல்லாத, முதியோர் இல்லமும் இல்லாத மூன்றாவது வகை ஒன்று வேண்டும் என்பது கடைசியில் புரிந்திருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டமும் இந்த வகைதான்: முதியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருள் போகிறது.

சட்டத்துக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் ஜீவனாம்சம். அந்த வரம்பை எடுக்க வந்ததும் முன்சொன்ன காலாவதியான மசோதாதான். ஆதம்பாக்கத்தார் இந்தத் தீர்ப்பாயத்தைத் தேடிப் போன கதையில் ஒரு நிர்வாக வேடிக்கை உண்டு. 2011-இல் ஆலந்தூர் நகராட்சியோடு இவர்கள் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தார்கள். ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் 2018 வரை காஞ்சிபுரம் மாவட்டம். குப்பை சென்னையில், பட்டா காஞ்சிபுரத்தில். முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறை கொடுப்பது என்பதால், ஏழு ஆண்டுகள் மாநகரவாசிகள் இன்னொரு மாவட்டத்தின் பயனாளிகளாக இருந்தார்கள்.

இங்கே வரும் தகராறுகள் அதிகமும் சாப்பாட்டைப் பற்றியவை அல்ல, வீட்டைப் பற்றியவை. சில ஆயிரங்களுக்கு வாங்கிய மனை இன்று கோடிகளில். கையில் காசு இல்லை, காலடியில் கோடி. மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தபின் பார்க்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்ய 23-ஆவது பிரிவு இடம் தருகிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டுமா? 2022-இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை அவசியம் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம் சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், 'அன்பினாலும் பாசத்தினாலும்' எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாலே பராமரிப்பு அதில் உள்ளடங்கிய நிபந்தனைதான் என்று தீர்ப்பளித்தது. என் அபிப்பிராயம்: தீர்ப்பு நல்லது, அதைவிட நல்லது உயிர் உள்ளவரை எழுதிக் கொடுக்காமலிருப்பது. வீட்டை வங்கியிடம் வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007-இலேயே வந்தும் யாரும் சீண்டவில்லை. வீட்டைப் பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம், தனக்கு ஒரு அட்டெண்டர் வைத்துக்கொள்ளும் தேவையைவிடப் பலமாக இருக்கிறது.

மழைக்காலம் இந்தக் குறைகளையெல்லாம் ஒரே ராத்திரியில் வெளியே கொண்டுவந்துவிடும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரியும் ஆதம்பாக்கமும் தண்ணீரில் நின்றன. தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதை நிரம்பினால் ஜி.எஸ்.டி. சாலைக்குப் போகும் வழி அடைபடும். கரண்ட் போனால் ஆக்சிஜன் கருவி நிற்கும், படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தை தட்டையாகும், ஃப்ரிட்ஜில் இன்சுலின் கெடும், மோட்டார் ஓடாததால் கழுவத் தண்ணீர் இருக்காது. படகில் வந்தவர்கள் பால் பாக்கெட்டும் பிரட்டும் கொடுத்தார்கள். யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார் என்று அவர்களிடம் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாமல் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரின் நோட்டில் ஒரு பகுதி இருக்கிறது, ரேஷன் கடையில் ஒரு பகுதி, ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தில் ஒரு பகுதி. சுகாதாரத் துறை நோயை எண்ணுகிறது, சமூக நலத் துறை வறுமையை எண்ணுகிறது, வருவாய்த் துறை ஆவணத்தை எண்ணுகிறது. மூன்றையும் சேர்த்து ஒரு வார்டுக்கு ஒரு தாள் போட பெரிய தொழில்நுட்பம் வேண்டாம்.

செய்து காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை, மலப்புறம் பக்கத்தில் ஊர்க்காரர்களே நடத்தும் வலைப்பின்னலாக வளர்ந்து, 2008-இல் கேரள அரசின் கொள்கையானது. இன்று அங்கே உள்ளாட்சி அமைப்புகளின் பணத்தில் செவிலியர் வண்டியில் வீடு வீடாகப் போகிறார். கூடப் போகும் உள்ளூர்த் தன்னார்வலருக்குப் புரட்டிப் படுக்க வைக்கவும் புண் துடைக்கவும் பயிற்சி உண்டு. ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடே கொண்டுவந்தது. 40 வயதானால் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும், தேவையின் அளவை ஏழு நிலைகளாகப் பிரித்து வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். ஜப்பானின் பணம் நம்மிடம் இல்லை என்பது சரியான பதில். கேரளத்தைப் பொறுத்தவரை அந்தப் பதில் செல்லாது.

தமிழ்நாட்டில் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் 708 என்று திட்டமிட்டு, 2023 ஜூனில் 500-ஐ ஒரே நாளில் திறந்தார்கள். காலையும் மாலையும் டாக்டர் இருக்கிறார். அங்கே வாரத்தில் ஒரு மதியம் அந்தத் தெருக்களின் அட்டெண்டர் பெண்களுக்கும், மகள் மருமகள்களுக்கும், கூப்பிட்டால் வரும் இஸ்திரிக்காரருக்கும் தூக்குவது எப்படி, ஊட்டுவது எப்படி என்று ஒரு செவிலியர் சொல்லிக்கொடுத்தால் புதிதாகக் கட்டடம் வேண்டாம். சக்கர நாற்காலி, வாக்கர், கமோட் நாற்காலி நாலைந்தை வாங்கிப் போட்டு இரவல் கொடுக்கலாம். தாத்தா போன பிறகு பரணில் தூசி படியும் வாக்கர்கள் ஒவ்வொரு அடுக்ககத்திலும் இருக்கின்றன, கேட்டால் இலவசமாகவே தருவார்கள்.

இதற்கிடையே ஆதம்பாக்கத்தில் கட்டடங்களே மாறப்போகின்றன. 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். மூன்று மாடி வரிசைகளில் பிரமோட்டர்கள் ஏறி இறங்குகிறார்கள். அசோசியேஷன் கூட்டங்களில் பேச்செல்லாம் எத்தனை சதுர அடி கூடுதலாகக் கிடைக்கும், கார் நிறுத்தம் ஒன்றா இரண்டா என்பதைப் பற்றி. லிஃப்ட் வரும் என்பதால் வயதானவர்கள்தான் முதலில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த லிஃப்ட் ஆறு பேர் லிஃப்ட் என்றால் அதில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்பதை வரைபடம் போடும்போதே கேட்க வேண்டும். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி புகும் அகலமா, குளியலறை வாசலில் படி வைக்கிறார்களா என்பதையும். பிறகு, இடித்துக் கட்டி முடிக்கும்வரையிலான அந்த இரண்டு வருடம். பிரமோட்டர் வாடகை தருவார், ஆனால் 84 வயதில், தனியாக, தரைத்தளத்தில் வீடு கேட்டு வருபவரைப் பார்த்ததும் பல வீட்டுக்காரர்கள், "பசங்க யாராவது கூட இருக்காங்களா சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையோடு வீடு பிடித்துக் கொடுக்கும் பொறுப்பையும் பிரமோட்டர் பெயரில் எழுதச் சொல்லிக் கேட்ட அசோசியேஷன்கள் எனக்குத் தெரிந்து ஒன்றிரண்டுதான்.